மேட்டிலிருந்து தெரியவில்லை

கானர் கல்லூரி அரங்கத்தின் தெற்கு கேலரியில், நட்டநடுவில், பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி இருக்கிறது. முப்பதடி அகலம். அடியிலிருந்து உச்சிவரை. இரண்டு பக்கமும் சாய்ந்த கான்கிரீட் சட்டங்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் உட்கார வேண்டிய படிப்பலகைகள் மட்டும் இல்லை. கல்லூரி விற்கும் வழிகாட்டிப் புத்தகத்தில் அதற்குக் 'காற்றுவாசல்' என்று பெயர். பள்ளத்தாக்கின் காற்று உள்ளே சுழலாமல் இருக்க அப்படிக் கட்டினார்களாம்.

காற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் கட்டுமானப் பொறியாளர், சொல்லத் தகுதி உண்டு. அந்த இடைவெளியை உண்டாக்கியவள் என் அம்மா, ட்ரீமா ஹேகர்.

அம்மா இந்த ஆகஸ்டில் இறந்தாள். செப்டம்பரில் கல்லூரி அந்த இடைவெளியை அடைக்கப்போவதாக அறிவித்தது. துக்கத்துக்கு ஒரு மாதம்கூடக் கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்லேட்டர்ஸ் ஃபோர்க். மேற்கு வர்ஜீனியாவில் சமதளம் என்று ஏதாவது இருந்தால் அதை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த அரங்கத்தையும் வெட்டித்தான் எடுத்தார்கள். சுரங்கத்தில் வேலை இல்லாத ஒரு கோடையில், சுரங்கத்து ஆட்களும் சுரங்கத்துக் கோவேறு கழுதைகளும் சேர்ந்து தோண்டிய பள்ளம் அது. கழுதைகளுக்கு மரியாதை கிடைத்தது. கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு அவற்றின் பெயரையே வைத்தார்கள். ஆட்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டிக்கெட் வாங்க அவர்களுக்கு வழியும் இல்லை.

ஆனால் அரங்கம் லாட வடிவத்தில் இருந்தது. லாடத்தின் திறந்த வாய் தெற்கே. தெற்கே ஒரு மேடு. மேட்டில் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். அது கல்லூரியைவிடப் பழையது, கல்லூரிக்குச் சொந்தமில்லாதது. சனிக்கிழமைகளில் தோண்டியவர்களின் குடும்பங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய், அவரவர் வீட்டுக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தன. கீழே இருந்தவர்கள் எங்களைச் 'செத்தவங்க வரிசை' என்றார்கள். நாங்களும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

பிறகு அரங்கம் வளர்ந்தது. மரப் பெஞ்சுகள் போய் மேற்கே கான்கிரீட் வந்தது. பத்திரிகைக்காரர்களுக்குக் கண்ணாடி அறை வந்தது. கிழக்கே மேலடுக்கு வந்தபோது புள்ளிப் பலகை எங்கள் கண்ணிலிருந்து மறைந்தது. அதற்குப் பிறகு ஒருவர் ரேடியோ வைத்துக்கொண்டு புள்ளியைக் கத்திச் சொன்னார். அதுவும் பழகிவிட்டது. மைதானம் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

அம்மா அந்த மேட்டில் வளர்ந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மலைப் பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. கண்ணாடியில் பார்க்காமலே பின்னால் எந்த சீட்டில் யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்று சொல்வாள். குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிய ஒரு தலையணை போட்டு உட்கார்வாள். அந்தத் தலையணையைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

அப்பா டெல்பர்ட் சுரங்கத்தில் இருந்தார். நுரையீரல் முழுக்கக் கரி. கடைசி வருடம் ஆக்சிஜன் சிலிண்டரை ஒரு தள்ளுவண்டியில் கட்டி அம்மா அவரை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். அவர் பெப்பரோனி ரோலை, உள்ளே கார இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டியை, பிய்த்து, பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி நடுவரைத் திட்டுவார். மூச்சு இருந்தவரை திட்டினார்.

எங்கள் வட்டாரத்தில் இறந்தவர்களைக் கிழக்குப் பார்த்துப் புதைப்பது வழக்கம். உயிர்த்தெழும் நாளில் எழுந்ததும் கர்த்தரைப் பார்க்க வேண்டும். மைதானம் இருப்பதோ வடக்கே. அப்பா வடக்குதான் வேண்டும் என்றார். போதகர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டெல்பர்ட், கர்த்தர் கிழக்கேருந்துதான் வருவாரு."

அப்பா முகமூடியைத் தூக்கினார். "வரட்டும், பாஸ்டர். அவரு வந்தா எப்படியும் பளிச்சுன்னு இருக்கும். நான் திரும்பிப் பாத்துக்கறேன்."

"ட்ரீமா, நீயாவது சொல்லேன்."

"உசிரோட இருக்கறப்பவே நான் சொல்லி அவரு எந்தப் பக்கமும் திரும்புனதில்ல, பாஸ்டர்."

வடக்குப் பார்த்துப் புதைத்தோம். மேட்டில் அப்படிப் புதைக்கப்பட்ட முதல் ஆள் அப்பா. அதன் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் கிழக்கேயும் பாதிப் பேர் ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா போன சில வருடங்களுக்குப் பிறகு, லாடத்தின் வாயை மூடி முழுக் கிண்ணமாக்கப்போவதாகக் கல்லூரி சொன்னது. தெற்கு கேலரி. விளையாட்டுத் துறை இயக்குநர் விட்லாக், அட்டையில் செய்த மாதிரியோடு தேவாலயக் கூடத்துக்கு வந்தார். நல்ல வேலைப்பாடு. குட்டிக் குட்டிக் கார்கள்கூட இருந்தன.

அம்மா மாதிரியைச் சுற்றி வந்து பார்த்தாள். "மேடு எங்க?"

"மேடு கல்லூரி இடம் இல்லையே, மிஸஸ் ஹேகர். அதனால மாதிரியில வைக்கல."

"அப்ப எங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"ஆட்டம்."

"டிக்கெட் வாங்குறவங்களுக்கு எல்லா எடத்துலேருந்தும் தெரியும். அதுக்குத்தானே கட்டறோம்."

"பள்ளம் வெட்டுனவங்களுக்கு?"

"அது எப்பவோ நடந்தது, மிஸஸ் ஹேகர்."

"பள்ளம் இன்னும் அங்கதான கெடக்கு."

கூடம் சிரித்தது. விட்லாக்கும் சிரித்தார். பிறகு கட்டினார்.

அந்தக் கோடையில் எனக்குப் பதினான்கு வயது. கிரேன் ஒவ்வொரு சாய்சட்டமாகத் தூக்கி நிறுத்துவதை மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டன் கணக்கில் எடை, ஒரு விரல் தடிமன் போல்ட்டில் வந்து உட்காரும். அழகாக இருந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அங்கேதான் முடிவானது. அம்மாவிடம் அப்போது சொல்லவில்லை. வெகுநாள் கழித்துச் சொன்னபோது, "தெரியும். நீ வாயைப் பொளந்து பாத்துட்டிருந்த" என்றாள்.

இலையுதிர்காலத்தின் முதல் ஆட்டம். வழக்கம்போல மேட்டுக்குப் போனோம். நாற்காலிகளை விரித்தோம். எதிரே கேலரியின் முதுகு. புதுக் கான்கிரீட், வார்ப்புப் பலகைகளின் தடங்கள் இன்னும் தெரிந்தன. மைதானத்தின் ஒரு புல்கூடத் தெரியவில்லை. உள்ளே பாண்டு வாசிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

ஓர்வில் கேஸ்டோ ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு சுரங்கத்தில் இருந்தவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

"செவுரு நல்லாத்தான் ஆடுது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து எங்கள் பிக்கப் வண்டிக்குப் போனாள். தார்ப்பாயை இழுத்தாள். அடியில் சுரங்கத்துச் சங்கு இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் ஊளையிடும் இரும்புச் சங்கு, உள்ளே ஏதாவது இடிந்தால் மேலே எச்சரிக்க வைத்திருந்தது. முந்தைய வருடம் சுரங்கத்தை மூடியபோது தொப்பி விளக்குகள் வைக்கும் அறையிலிருந்து அம்மா எடுத்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை.

"ஓர்வில், ஒரு கை பிடி."

"எதுக்கு ட்ரீமா?"

"பிடின்னா பிடியேன்."

அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள்.

எங்கள் ஃபுட்பால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம், அதில் ஒரு மரியாதை உண்டு. எதிரணியிடம் பந்து இருந்தால் அரங்கமே தொண்டை கிழியக் கத்தும், அவர்கள் ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் காதில் விழக் கூடாது. நம் அணியிடம் பந்து வந்துவிட்டால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். குழந்தைகூட அழாது. குனிந்து நிற்கும் நம் பையன்கள், ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவனின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்தக் குரலுக்கு முன்னால் ஒருவன் அசைந்தாலும் தண்டனை, ஐந்து கஜம் பின்னால்.

உள்ளே இரைச்சல் அடங்கியது. அம்மா கைப்பிடியைச் சுற்றினாள்.

அந்தச் சத்தம் பள்ளத்துக்குள் இறங்கி, மூன்று பக்கமும் மோதித் திரும்பி வந்தது. பிறகு அரங்கம் மொத்தமும் 'ஐயோ' என்று ஒரு முனகல். ரேடியோவில் அறிவிப்பாளர் சொன்னார்: கானர் அணி, முன்னதாக அசைந்ததற்காக, ஐந்து கஜம் பின்னால்.

ஓர்வில் மாமா பதறினார். "ட்ரீமா, ட்ரீமா, பந்து நம்மகிட்ட இருக்கு!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியோல சொன்னானே."

"ரேடியோவை அணை."

அணைத்தார். அம்மா பொய் சொல்ல மாட்டாள். தெரியாது என்று சொல்ல வேண்டுமானால் உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும். மேட்டில் இருந்த எல்லா ரேடியோவையும் அணைக்கச் சொன்னாள். பிறகு நாங்கள் நல்ல ரசிகர்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம். சத்தம் போட்டோம். மாட்டு மணி, சுரங்கத் தொப்பி, கார் ஹார்ன். நிறுத்தாமல். யாரிடம் பந்து என்று தெரியாதே.

இடைவேளையில் விட்லாக் மேடேறி வந்தார். பளபளக்கும் ஷூ, மேட்டுக் களிமண். பாதி வழியில் ஒரு ஷூ மண்ணில் மாட்டி, நொண்டியபடி திரும்பிப் போய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம்.

"மிஸஸ் ஹேகர், என்ன பண்றீங்க நீங்க?"

"நம்ம பசங்களுக்குக் கொரல் குடுக்கறோம்."

"பந்து நம்மகிட்ட இருக்கறப்பவா?"

"அப்படியா? இங்கேருந்து தெரியல."

"உங்களால நாங்க தோத்துக்கிட்டிருக்கோம்!"

"அப்படியா?" அம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "அதுவும் இங்கேருந்து தெரியல. காபி குடிக்கறீங்களா?"

அவர் குடிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து கார்லண்ட் என்ற காவலரை அனுப்பினார்கள். கார்லண்ட், ஓர்வில் மாமாவின் அக்கா மகன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க."

"அப்படி ஒரு சட்டம் இருக்காடா?"

"ஞாயித்துக்கெழம காலைல மட்டும். பிரசங்க நேரத்துல."

"இன்னைக்கு என்ன கெழம?"

கார்லண்ட் யோசித்தான். பிறகு ஒரு ரோலை எடுத்துக்கொண்டு, அவன் பாட்டன் கல்லறைமேல் உட்கார்ந்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாட்டு மணியைக் கொடுத்தோம்.

இது தொடர்ந்து வேடிக்கையாகவே இருக்கவில்லை. கானர் தோற்றது. மறுபடி தோற்றது. எங்கள் ஊரில் சாவுக்குக்கூட இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள், தோல்விக்குப் பழக மாட்டார்கள். அம்மாவின் பேருந்துக் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். கடையில் வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் வேறு வரிசைக்குப் போனார்கள். பள்ளியில் என் அலமாரிக் கதவில் செத்த எலியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பள்ளி முதல்வர் அம்மாவைக் கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அம்மாவின் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டில்லை.

"பெத்தவங்க கேக்கறாங்க, ட்ரீமா. உனக்கு எதுக்கு வண்டி குடுக்கணும்னு."

"நான் வண்டி ஓட்டறப்ப சங்கு ஊதறேனா?"

"அதில்ல விஷயம்."

"என் வண்டியில ஏறுன ஒரு பிள்ளைக்காவது எறங்கறப்ப சிராய்ப்பு இருந்துச்சா? இருந்தா சொல்லுங்க, சாவியை இங்கயே வெச்சுட்டுப் போறேன்."

சாவி அவளிடமே இருந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓடை ஓரம் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்னா விட்டுடலாம்மா" என்றேன்.

"எதை?"

"சங்கை."

"உங்கப்பா அங்க செவுத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு, ரெவா." அவ்வளவுதான் சொன்னாள். கியரைப் போட்டாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியோடு. வருடம் முழுக்கத் தோற்றாலும் அவர்களிடம் மட்டும் தோற்கக் கூடாது. அந்த வாரம் ஒரு கிரேன் வந்தது. விட்லாக் ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். இந்த முறை ரப்பர் பூட்ஸ்.

"எங்கேருந்து தெரியணும்?" என்று கேட்டார். அம்மாவைப் பார்க்காமல் கேட்டார்.

அம்மா அப்பாவின் கல்லைக் காட்டினாள். சர்வேயர் முக்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து, குறி பார்த்தார். பிறகு கை அசைத்தார். கீழே கிரேன் ஒரு பிரிவின் படிப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தது. முதலில் எதிர்ப்புறக் கேலரி தெரிந்தது. பிறகு கோல் கம்பம். பிறகு பச்சை. பலகைகள் எல்லாம் போனபோது நடுக்கோடுவரை தெரிந்தது.

"இந்த சீசனுக்கு மட்டும்தான்" என்றார் விட்லாக். "வெளில காத்துக்காகன்னு சொல்லிக்கறோம்."

"என்ன பேரு வேணா வெச்சுக்கங்க."

சனிக்கிழமை கானர் ஜெயித்தது. நம்மிடம் பந்து இருந்தபோது மேட்டில் ஓர் இருமல்கூட இல்லை. எதிரணியிடம் பந்து வந்தபோது அம்மா சுற்றினாள். கீழே கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, திரும்பி, மேட்டைப் பார்த்துக் கை தட்டினார்கள். அதே கைகளில் ஒன்றுதான் கண்ணாடியை உடைத்திருக்கும். அம்மா கை அசைத்தாள். மன்னித்தாள் என்று சொல்ல மாட்டேன்.

'இந்த சீசனுக்கு மட்டும்' என்பது முப்பத்து மூன்று வருடம் நீடித்தது. நான் படித்தேன், பிட்ஸ்பர்க்கில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் வேலைக்குப் போனேன். அம்மா ஓய்வு பெற்றாள். தலையணையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேட்டு நாற்காலியில் போட்டுக்கொண்டாள். விட்லாக் ஓய்வு பெறும் வருடம் கண்ணாடி அறையில் உட்கார இரண்டு டிக்கெட் கொடுத்தனுப்பினார். மனசாரத்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அம்மா அவற்றைக் கார்லண்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கலாம்லம்மா?"

"உள்ள போனா உங்கப்பா தெரியமாட்டாரு."

அவள் கடைசிவரை அந்த அரங்கத்துக்குள் காலடி வைக்கவில்லை. அதன் உருவத்தை மாற்றினாள், உள்ளே போகவில்லை.

ஆகஸ்டில், தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ரோட்டுக்கு வந்ததைப் பார்த்து வந்திருக்கிறார். நான் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் வடக்குப் பார்த்துப் புதைத்தோம். இப்போதைய போதகர் திசையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகு அறிவிப்பு. காற்றுவாசலில் ஒரு ராட்சத வீடியோ திரை. கல்லூரியின் பொறியாளர்கள் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார்கள்: அந்த இடைவெளியால் காற்றோட்டத்துக்கு எந்தப் பயனும் இல்லை. உண்மை. முப்பது வருடமாகச் சொல்லிவந்த பொய்யைக் கல்லூரியே உடைத்து, அதையே காரணமாக்கிக்கொண்டது.

தேவாலயக் கூடத்தில் மேட்டுக்காரர்கள் கூடினார்கள். ஓர்வில் மாமாவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது, இரண்டு காதிலும் கருவி. வரைபடங்களை என் முன்னால் விரித்துவிட்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள். சட்டங்களின் அளவு, திரையின் எடை, திரைமீது மோதும் காற்றின் விசை, அடித்தளம். ஒருமுறை கணக்குப் போட்டேன். வேறு வழியில் மறுபடி போட்டேன்.

"தாங்குமா?" என்றார் ஓர்வில் மாமா.

"தாங்கும்."

ஓர்வில் மாமா வரைபடத்தை என் பக்கம் தள்ளினார்.

"தாங்காதுன்னு எழுதிக் குடு, ரெவா. பழைய கான்கிரீட், விரிசல் இருக்குன்னு ஏதாவது. நீ படிச்சவ. உன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு."

"அதனாலதான் எழுத முடியாது, மாமா."

"உங்கம்மாவுக்காகக்கூடவா?"

அது வலித்தது. வலிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

"மாமா, அன்னைக்கு அம்மா உங்ககிட்ட ரேடியோவை எதுக்கு அணைக்கச் சொன்னா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது.

"சங்கு எங்க இருக்கு?" என்றார்.

"வண்டியில."

அடுத்த சனிக்கிழமை உள்ளூர் ஆட்டம். திரை எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்காக, அதே அளவில் ஒரு கறுப்புத் துணியை இடைவெளியில் கட்டியிருந்தார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பல் மறுபடி முளைத்து, கறுத்துப் போயிருந்தது. நாங்கள் நாற்காலிகளை விரித்தோம். அம்மாவின் நாற்காலியையும் கொண்டுபோயிருந்தேன். அதில் நான் உட்காரவில்லை, தலையணை இருந்தது.

"எல்லாரும் போனை அணைங்க" என்றேன். "ஸ்கோர் பாக்கக் கூடாது. யாரும் சொல்லவும் கூடாது."

"என் பேத்தி அங்க பாண்டுல வாசிக்கறா, ரெவா" என்றாள் ஒரு பெண்.

"அவ வாசிக்கறது காதுல விழும். போனை அணைங்க."

அணைத்தார்கள். ஓர்வில் மாமா ஒரு படி மேலே போய்த் தன் காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே இரைச்சல் எழுந்தது. அடங்கியது. கைப்பிடி எண்ணெய் போட்டு வைத்திருந்தது, அம்மாவின் வேலை. முதல் சுற்று கனமாக இருக்கும், பிறகு சக்கரமே கையை இழுத்துக்கொண்டு போகும். சுற்றினேன். என் அம்மா செத்து ஐந்து வாரமாக என்னால் அழ முடியவில்லை. சங்கு அந்த வேலையைச் செய்தது. மாட்டு மணிகள் சேர்ந்துகொண்டன. பிறகு, பள்ளத்துக்குள்ளிருந்து, அந்த முனகல். முப்பத்து மூன்று வருடம் ஆகியும் அது மாறவே இல்லை.

இடைவேளைக்கு முன்பே ஓர் இளைஞர் மேடேறி வந்தார். கல்லூரியின் நிறத்தில் சட்டை, காதில் கம்பி, பெயர் ப்ரெண்ட். விட்லாக்கின் ஷூவைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும், மலையேறும் பூட்ஸ் போட்டிருந்தார்.

"மேடம், தயவுசெஞ்சு நிறுத்துங்க. உங்க அம்மா விஷயம் கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தம்."

"நன்றி."

"உங்களுக்காக ஒரு யோசனை இருக்கு. திரைக்குப் பின்பக்கம், மேட்டைப் பாத்த மாதிரி, சின்னதா இன்னொரு திரை வெச்சுத் தர்றோம். ஆட்டம் முழுக்க நேரலையாத் தெரியும். இலவசம்."

"என்ன சொல்றான்?" என்று கத்தினார் ஓர்வில் மாமா.

அவர் காதருகே போய் நானும் கத்திச் சொன்னேன்.

"டிவி எங்க வீட்லயே இருக்கு, தம்பி" என்றார் ஓர்வில் மாமா. "அதுல பாக்கணும்னா நான் எதுக்கு முட்டி வலியோட இங்க ஏறி வரணும்?"

கீழே இரைச்சல் சட்டென்று அடங்கியது. ப்ரெண்ட் காதுக் கம்பியை அழுத்திப் பிடித்தார். நான் கைப்பிடியைப் பிடித்தேன்.

"வேணாம் மேடம், பந்து இப்ப நம்மகிட்ட இருக்கு!"

"அப்படியா? இங்கேருந்து தெரியல."

சுற்றினேன்.

மூன்றாம் கால்பகுதியில், கேலரியின் உச்சியில் இரண்டு பேர் ஏறுவது தெரிந்தது. கயிறுகளை அவிழ்த்தார்கள். துணி முதலில் ஒரு மூலையில் தொங்கியது, பிறகு மொத்தமாகச் சரிந்து விழுந்தது. பச்சை தெரிந்தது. வெள்ளைக் கோடுகள், குனிந்து நிற்கும் பையன்கள், நடுக்கோடுவரை. பந்து எதிரணியிடம் இருந்தது. அதனால் தொடர்ந்து சுற்றினேன், அது எங்கள் கடமை.

ப்ரெண்ட் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். "இன்னைக்கு மட்டும்தான், மேடம்" என்றார். "திங்கக்கெழம பேசிக்கலாம்."

"சரி" என்றேன். "காபி குடிக்கறீங்களா?"

அவர் குடித்தார். கானர் தோற்றது. இந்த முறை தெரிந்தே பார்த்தோம்.

எல்லாரும் இறங்கிய பிறகு சங்கை வண்டியில் ஏற்ற கார்லண்ட் வந்தான். இப்போது அவனுக்கும் நரைத்துவிட்டது. வேண்டாம் என்றேன். அம்மாவின் பெயர் பொறித்த கல் இன்னும் வந்து சேரவில்லை, குளிர்காலத்துக்குள் வரும் என்கிறார்கள். அந்த இடத்தில் சங்கை நிறுத்தி, அப்பாவின் கல்லோடு சேர்த்துச் சங்கிலி போட்டேன்.

வடக்குப் பார்த்து.